சிவப்புத் துணி கட்டிய கேன்

1

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கனடாவில் நாங்கள் இருக்கும் இந்தச் சிறிய ஊரில், உறைந்த காய்கறிகளைப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். பட்டாணியில் கல் இருக்கிறதா, பையின் ஒட்டிய வாய் பிரிகிறதா, அச்சடித்த தேதி சரிதானா என்று எட்டு மணி நேரம் பார்ப்பேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மூடுவதில்லை என்பது என் மனைவி செல்வியின் புகார். பால் வாங்கி வந்தால் தேதியை இரண்டு முறை பார்ப்பேன். அடுத்த வீட்டுக்காரர் சிரித்து வணக்கம் சொன்னால் என்ன உதவி கேட்கப் போகிறாரோ என்று யோசிப்பேன்.

அப்படிப்பட்டவனிடம் போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை காலை என் மகள் எழில் வந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கப்போவதாகச் சொன்னாள். பதினெட்டு வயது. பேக்கரியில் பகுதிநேர வேலை. ஆட்டோ என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே காட்டிலும் மணலிலும் விளையாட்டுக்கு ஓட்டுவதற்கென்றே ஒரு மூன்று சக்கர வண்டி இருந்தது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, மூன்றும் பலூன் மாதிரி உப்பிய டயர்கள். மேலே கூரை கிடையாது, மோட்டார் சைக்கிள் போலக் கால் போட்டு உட்கார வேண்டும். கவிழ்ந்து அடிபட்டவர்கள் அதிகமாகி, புதிதாகச் செய்வதையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பழைய வண்டிகள்தான் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

"நாலு சக்கரத்துல ஒண்ணு வாங்கக்கூடாதா?" என்று கேட்டேன்.

"அது போரிங்பா. ஆனா மூணு சக்கரத்துல டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கானுதான் டிசைட் பண்ண முடியல. ஒரே பேஜாரா இருக்கு."

காப்பிக் கோப்பை கையிலேயே நின்றது. எழிலுக்குத் தமிழ் சுமாராக வரும், அதுவும் திருச்சிக்காரியான அவள் அம்மாவின் தமிழ். என் விழுப்புரத்துப் பேச்சைக் கல்யாணமான புதிதிலேயே செல்வி கிண்டல் செய்து ஒழித்துவிட்டாள். பேஜாரு என்ற சொல் இந்த வீட்டுக்குள் இருபது வருடமாக யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. கதவு எல்லாம் சாத்தியிருக்கும்போது இது எந்த வழியாக உள்ளே வந்தது என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

2

விற்கிறவர் ஊருக்கு வெளியே இருந்த ஒரு வயதான விவசாயி. அவரிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. சிவப்பு, ஃபோர் ஸ்ட்ரோக். வெள்ளை, டூ ஸ்ட்ரோக். இரண்டில் ஒன்றைத்தான் கொடுப்பாராம், மற்றது தனக்காம். எதற்கு இரண்டையும் காட்டி ஆசை மூட்ட வேண்டும்? சந்தேகத்துடன் நேராகப் போய் இரண்டு இன்ஜின்களிலும் கைவைத்துப் பார்த்தேன். பழைய வண்டி விற்கிறவன் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பான், நாம் போனதும் ஒரே உதையில் கிளம்பும், ஏமாந்துவிடுவோம். விழுப்புரத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த தந்திரம். இரண்டும் சில்லென்று இருந்தன. கிழவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபோர் ஸ்ட்ரோக் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. இன்ஜின் எண்ணெய் தனியாக அடியில் இருக்கும், டேங்கில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் போதும். மெதுவான வேகத்திலும் இழுவை இருக்கும். கைப்பிடி முறுக்கைக் குறைத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், மேட்டிலிருந்து இறங்கும்போது அது பெரிய துணை. கனம் அதிகம், வால்வை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக் வேறு ஜாதி. உறுப்புகள் குறைவு, எடை குறைவு, வீட்டுக் கொட்டகையிலேயே கழற்றி மாட்டிவிடலாம். ஆனால் கீழ் வேகத்தில் தூங்கும். திடீரென்று விழித்துக்கொண்டு முன் சக்கரத்தை மேலே தூக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்தக் கலவைதான் உள்ளே இருக்கிற பிஸ்டனுக்கு வழுக்கல். மறந்தால் பிஸ்டன் சூடேறி உருளைக்குள் இறுகிக்கொள்ளும், ஓடுகிற வண்டியின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

"சிவப்பையே வாங்கிக்கோ. மறந்தாலும் மன்னிக்கிற வண்டி அது" என்றேன்.

"நான் மறக்க மாட்டேன்பா" என்று சொல்லிவிட்டு, எழில் வெள்ளை வண்டியின் உதைகோலை மிதித்தாள். மூன்றாவது உதையில் பிடித்தது. நீலப் புகை கிளம்பி என் முகத்தில் அடித்தது. அந்த வாசனைக்கு நான் தயாராக இல்லை. ஒரு நொடி விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றேன். அழுகை வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

3

எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். விழுப்புரத்திலிருந்து காணை வழியாகக் கண்டாச்சிபுரம் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். டூ ஸ்ட்ரோக் வண்டி. எங்கள் வீடு காணையில் இருந்தது. நிலம் என்று ஒரு அடி கிடையாது. தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் கரும்பை வெட்டிய குடும்பம். அதனால் அந்த ஆட்டோதான் எங்கள் நிலம்.

பெட்ரோல் பங்கில் கலந்து கொடுக்கும் எண்ணெயை நைனா நம்பமாட்டார். என் சந்தேகப் புத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். வெறும் பெட்ரோல் வாங்கி வந்து, வீட்டில் எண்ணெயை அளந்து ஊற்றி, ஐந்து லிட்டர் கேனில் குலுக்கி வைப்பார். அந்தக் கேனின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். சிவப்புத் துணி இருந்தால் எண்ணெய் கலந்தது என்று அர்த்தம். தினமும் காலையில் அதிலிருந்து ஆட்டோவுக்கு ஊற்றுவது என் தம்பி குமரேசனின் வேலை.

சவாரி இல்லாத நாளில் நாங்கள் இருவரும் நைனாவுக்குத் தெரியாமல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு பனமலைக்குப் போவோம். கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும். அந்த வெடித்த தரையில் வட்டம் வட்டமாக ஓட்டுவோம். ஒரு பக்கச் சக்கரம் தூக்கும்போது குமரேசன் மறுபக்கம் தொங்குவான். அதற்கு ஒரு பெயர் உண்டென்றோ, வெள்ளைக்காரர்கள் அதைச் செய்வதற்குத் தனி வண்டியே வைத்திருக்கிறார்கள் என்றோ எங்களுக்குத் தெரியாது.

எனக்குத் திண்டிவனத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பழைய பைக் ஒன்று வாங்கினேன். ஃபோர் ஸ்ட்ரோக். வீட்டில் எண்ணெய் கலக்காத பெட்ரோல் குடிக்கிற முதல் வண்டி. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. பிறகு வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலுக்காகச் சென்னைக்குப் போனேன். மூன்று நாள் கழித்துத் திரும்பியபோது நைனா விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். காணை ரோட்டில், ஏழு பேரோடு போய்க்கொண்டிருந்த ஆட்டோவின் இன்ஜின் இறுகி, பின் சக்கரங்கள் பூட்டி, வண்டி இடதுபக்கப் பள்ளத்தில் சாய்ந்திருக்கிறது. சவாரிகளுக்குச் சிராய்ப்பு. நைனாவின் இடது பாதம் வண்டிக்கு அடியில்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் குமரேசனின் சட்டையைப் பிடித்தேன்.

"எண்ணெய் ஊத்தினியாடா?"

"சேப்புத் துணி கேன்ல இருந்துதாண்ணா ஊத்தினேன்."

"பொய் சொல்ற. மறந்துட்ட."

அவன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததே சாட்சி என்று நான் எடுத்துக்கொண்டேன். அத்தை, மாமா, தெருக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னேன். நைனா பிறகு ஊன்றுகோலோடுதான் நடந்தார், வண்டி ஓட்டவில்லை. ஆறு மாதத்தில் நான் கிளம்பிவிட்டேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் தம்பியோடு பேசியது சாவுக்கும் கருமாதிக்கும் மட்டும்தான். நைனா இறந்ததைக்கூட, "நைனா பூட்டாரு" என்று ஒரே வரியில் சொன்னான். நானும் "சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்தேன்.

4

எழில் அந்த வெள்ளை வண்டியையே வாங்கினாள், பதிவு செய்ய அலுவலகத்துக்குப் போனோம். பொது இடத்துக் காட்டுப் பாதையில் ஓட்ட வேண்டுமானால் நம்பர் தகடும் காப்பீடும் வேண்டும். கவுன்டரில் இருந்த பெண்மணி எழிலின் அடையாள அட்டையைப் பார்த்தார், என்னுடையதைப் பார்த்தார். இருவருக்கும் ஏன் குடும்பப் பெயர் வேறு என்றார். அவள் குடும்பப் பெயர் என் பெயர், என் குடும்பப் பெயர் என் அப்பாவின் பெயர் என்றேன். அப்படியானால் உங்கள் குடும்பத்தின் பெயர் என்ன என்றார். குடும்பத்துக்குப் பெயர் கிடையாது என்றேன். அவர் முகத்தில் அப்போது வந்த சந்தேகத்தை எங்கள் தொழிற்சாலையில் இருந்தால் மெச்சியிருப்பேன்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: வாகனம் எதற்காக? பண்ணை, தொழில், பொழுதுபோக்கு. எழில் யோசிக்காமல் பொழுதுபோக்கில் குறி போட்டாள். மூன்று சக்கரம் உருண்டால்தான் அடுப்பு எரியும் என்று வளர்ந்தவன் நான். அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபமா பெருமையா என்று எனக்கே பிடிபடவில்லை.

5

முதல் சவாரி ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஜல்லிக் குழியில். எழில் தலைக்கவசம், பூட்ஸ் எல்லாம் போட்டு அரைமணி நேரம் அழகாகச் சுற்றினாள். எனக்குக் கை துறுதுறுத்தது. ஆட்டோக்காரன் மகனுக்கு மூன்று சக்கரம் யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

"நீங்க வேணாம்பா."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஓட்டினவன்மா நான்" என்று ஏறினேன்.

முதல் வளைவிலேயே கோளாறு. ஆட்டோவில் பின் சக்கரம் இரண்டும் தனித்தனி வேகத்தில் சுற்றும். கைப்பிடியைத் திருப்பினால் வண்டி திரும்பும். இதில் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. உடம்பை நகர்த்திப் பாரத்தை மாற்றாவிட்டால் வண்டி நேராகவே போகும். நான் கைப்பிடியைத் திருப்ப, அது பாட்டுக்கு மேட்டில் ஏற, சாய்கிறதே என்ற பயத்தில் பைக்கில் ஊன்றுவது போல இடது காலைத் தரையில் ஊன்றினேன். பின் டயர் வந்து என் கெண்டைக்காலில் ஏறி என்னை இழுத்துக் கீழே போட்டது. பலூன் டயர் என்பதால் எலும்பு தப்பியது.

எழில் ஓடிவந்து இன்ஜினை அணைத்தாள்.

"கால கீழ வெக்கக்கூடாதுப்பா. சித்தப்பா அப்பவே சொன்னாரு, ஆட்டோ ஓட்டினவங்கதான் மொதல்ல விழுவாங்கன்னு."

"எந்தச் சித்தப்பா?"

"எனக்கு எத்தன சித்தப்பா இருக்காங்க?"

தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் விசாரித்தேன். ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். திண்டிவனத்தில் குமரேசன் மெக்கானிக் கடை வைத்திருப்பதை அவள் அம்மா சொல்லி, நம்பரும் அம்மாவே கொடுத்து, இவள் இன்ஜின் சந்தேகம் கேட்க ஆரம்பித்து, வாரா வாரம் வீடியோவில் பேச்சு. பேஜாரு வந்த வழி தெரிந்துவிட்டது.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. நைனாவின் காலை முடமாக்கியவன் இப்போது என் மகளுக்கு வண்டி சொல்லிக்கொடுக்கிறான், அதுவும் அதே டூ ஸ்ட்ரோக். எதற்காக என் வீட்டுக்குள் நுழைகிறான்? என்ன வேண்டும் அவனுக்கு? வீட்டுக்கு வந்ததும் செல்வியிடம் கத்தினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே, "ஒங்களுக்குத்தான் அவரு வேணாம். எம் பொண்ணுக்கு ஏன் வேணாம்?" என்றாள்.

6

இரண்டு வாரம் எழிலோடு சரியாகப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை காலை அவள் கிளம்பத் தயாரானபோது, சமாதானமாகப் போகட்டும் என்று நானே கராஜுக்குப் போய் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றக் கேனை எடுத்தேன். எங்கள் கராஜில் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்று புல்வெட்டும் இயந்திரத்துக்கு, வெறும் பெட்ரோல். மற்றது எழிலுடையது, எண்ணெய் கலந்தது. அவளுடையதில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கத் தேவையில்லை.

மூடியைத் திறந்து சாய்க்கப் போனேன். எழில் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, கேனுக்குள் ஒரு விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்தாள்.

"காஞ்சுபோச்சு" என்றாள்.

"என்ன?"

"எண்ணெய் இருந்தா வழுவழுன்னு நிக்கும். இது காஞ்சுபோச்சு. வெறும் பெட்ரோல். இதுல யாருப்பா ஊத்தினது?"

நான்தான். புதன்கிழமை புல் வெட்டும்போது என் கேன் காலி. காலியாகக் கிடந்த அவள் கேனை எடுத்துப்போய்ப் பெட்ரோல் வாங்கி, இயந்திரத்துக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டேன். ரிப்பன் கண்ணில் பட்டது. கேன் கேன்தானே என்று நினைத்தேன்.

அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை பாதியில் நின்றுவிட்டது. இதே காரியத்தை இதற்கு முன்பும் ஒரு முறை செய்திருக்கிறேன் என்று கைக்கு முதலில் தெரிந்தது, பிறகுதான் புத்திக்கு. சென்னைக்குப் போவதற்கு முந்தின மாலை. ஸ்டேஷன் வரைக்கும் போக பைக்கில் பெட்ரோல் இல்லை. நைனாவின் கேன் காலியாகக் கிடந்தது. எடுத்துப்போய் வாங்கினேன், பைக்குக்கு ஊற்றினேன், பாதிக்கு மேல் மிச்சம் இருந்த கேனைப் பழைய இடத்திலேயே வைத்தேன். சிவப்புத் துணி அப்படியே கழுத்தில் இருந்தது.

இருபத்திரண்டு வருடமாக இது என் ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் அதை ஒருநாளும் நான் எடுத்துப் பார்த்ததில்லை. அடுத்தவனைச் சந்தேகிக்கிற வேலையில் அவ்வளவு மும்முரமாக இருந்திருக்கிறேன்.

"விரல் விட்டுப் பாக்க யார் சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"சித்தப்பா. எந்தக் கேனையும் நம்பாத, வெரல் வெச்சுப் பாத்துட்டுத்தான் ஊத்தணும்னு சொன்னாரு. தாத்தா ஆக்சிடென்ட் அன்னிக்கு அவரு பாக்கலையாம். அவரோட தப்புன்னு சொன்னாரு."

7

அங்கே சாயங்காலம். கடையில் ஏதோ இன்ஜின் உறுமுகிற சத்தத்துக்கு நடுவில் குமரேசன் போனை எடுத்தான்.

"இன்னாண்ணா, யாருக்கு இன்னா ஆச்சு?"

நான் கூப்பிட்டால் யாராவது செத்திருக்க வேண்டும் என்று அவனுக்குப் பழகியிருக்கிறது.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. குமரேசு, அந்தக் கேன்ல பெட்ரோல் வாங்கி வெச்சது நான்தாண்டா."

உறுமல் நின்றது. யாரையோ கைகாட்டி நிறுத்தச் சொல்லியிருப்பான்.

"தெரியும்ண்ணா."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கே. ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்குப் போயி கேன்ல மிச்சத்த மோந்து பாத்தேன். எண்ணெ வாசனையே இல்ல. எண்ணெ கலக்காத பெட்ரோலு நம்ம வூட்ல உன் பைக்குக்கு மட்டுந்தான. நைனாகிட்ட சொன்னேன். அவன் வெளிநாடு போற நேரம், மனசு ஒடஞ்சு இங்கயே நின்னுடுவான், சொல்லாதடான்னாரு. நைனா பேச்ச மீறிக்கினு எப்டி சொல்றது?"

"நான் போனப்புறமாவது சொல்லியிருக்கலாமேடா. ஊரெல்லாம் உன்னத் திட்டிக்கினு இருந்தேனே."

ஊர்ப் பேச்சு என் வாயில் தானாக வந்துவிட்டதைச் சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். அவன் கொஞ்சநேரம் பேசவில்லை. இந்த முறை அந்த மௌனத்துக்கு நான் எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளவில்லை.

"நீ கேட்டா சொல்லலாம்னுதான் இருந்தேன். எண்ணெ ஊத்தினியான்னுதான கேட்ட. கேன்ல யாரு வாங்கி வெச்சதுன்னு நீ கேக்கவே இல்லியே. அத வுடு. ஊத்தறப்ப வெரல் வெச்சுப் பாக்கணும், நான் பாக்கல. எனக்கும் அதுல பங்கு இருக்குதுண்ணா."

மன்னித்துவிடு என்றேன். அழுதேன். இந்த முறை புகை என்று சொல்ல வழியில்லை. அவன், "சரி வுடுண்ணா, பசங்க பாத்துக்கினு நிக்கிறானுங்க" என்றான். பிறகு என் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நான் விழுந்ததும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நைனாவின் திதிக்கு இந்த வருடம் வருகிறேன் என்றேன். "வா. வந்தா பனமலைக்குப் போவலாம், ஏரி காஞ்சுதான் கெடக்குது" என்றான்.

எழில் கேனைக் காலி செய்து, புதிதாகப் பெட்ரோல் வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினாள். வாங்கி வந்து, அவள் எழுதிக் கொடுத்த கணக்குப்படி எண்ணெயை அளந்து ஊற்றி, நன்றாகக் குலுக்கி, ரிப்பனை இறுக்கிக் கட்டி வைத்தேன். சற்று நேரத்தில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே வந்து கேனைத் தூக்கினாள்.

"இது ஓகேதானப்பா?"

"நான் ரொப்பினதும்மா" என்றேன். "வெரல் வெச்சுப் பாத்துட்டு ஊத்து."